பாளையங்கோட்டையில் ராபர்ட் காபா வகுப்பு: ஒரு மதிப்பீடு

பாளையங்கோட்டை சமாதானபுரம் அருகே இயங்கும் ஸ்டுடியோ ஒன்று, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதேனும் ஒரு புகைப்படக் கலைஞரை எடுத்துக்கொண்டு அவருடைய வாழ்க்கையையும் வேலைமுறையையும் நாள் முழுவதும் விளக்கும் கட்டண வகுப்பை நடத்திவருகிறது. அண்மையில் நடந்தது போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காபாவைப் பற்றியது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அம்பாசமுத்திரம், நாங்குநேரி, மேலப்பாளையம் பகுதிகளில் திருமணப் படம் எடுப்பவர்கள். இவர்களுக்கும் போர்க்களத்துக்கும் என்ன தொடர்பு என்ற ஐயத்துடனேயே மதியச் சாப்பாடு உட்பட 800 ரூபாய் செலுத்தினேன். அந்தப் பணம் வீண்போகவில்லை.

காபாவைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாக இரண்டாம் உலகப் போரில், 1944இல், பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் அவர் எடுத்த படங்களில்தான் தொடங்குவார்கள். இங்கே வகுப்பெடுத்தவர் அவரை முதலில் அகதியாக அறிமுகப்படுத்தினார். வகுப்பின் சிறப்பே அதுதான். 1913இல் புடாபெஸ்ட் நகரில், தையல் நிலையம் நடத்திவந்த யூதக் குடும்பத்தில் எண்ட்ரே ஃபிரீட்மன் என்ற பெயரில் பிறந்தவர், இடதுசாரி இளைஞர்களோடு சேர்ந்ததற்காகப் பதினேழு வயதில் கைதாகி, 1931இல் நாட்டை விட்டே வெளியேறினார். பெர்லினில் படமுகமை ஒன்றின் இருட்டறையில் உதவியாளராக இருந்தபோது, 1932இல் கோபன்ஹேகனில் உரையாற்ற வந்த ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கியைப் படம் எடுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. நாடு கடத்தப்பட்ட தலைவர் ஒருவரை நாடிழந்த இளைஞர் எடுத்த அந்தப் படங்கள்தான் முதலில் அச்சேறின. மறு ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அங்கிருந்தும் கிளம்பிப் பாரிஸ் சேர்ந்தார். ஊர் பேர் தெரியாத அகதியின் படத்துக்குப் பத்திரிகைகள் நல்ல விலை தராதென்பதால், அவரும் அவருடைய தோழி கெர்டா தாரோவும் சேர்ந்து 'ராபர்ட் காபா' என்ற அமெரிக்கரைக் கற்பனையாக உருவாக்கி அந்தப் பெயரில் படங்களை விற்ற கதையை அரங்கமே சிரித்து ரசித்தது. வேறு பெயரில் கடை நடத்துவது நம்மூர் ஸ்டுடியோக்காரர்களுக்கும் புதிதல்லவே!

சொதியும் இஞ்சிப் பச்சடியுமாகச் சாப்பாடு முடிந்த பிறகு நடந்த அமர்வுதான் நான் மறக்க விரும்பாதது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், 1939 தொடக்கத்தில், குடியரசை எதிர்த்த தளபதி பிராங்கோவின் படை பார்சிலோனாவை நெருங்கியபோது, ஏறத்தாழ 5 லட்சம் பேர் எல்லை தாண்டிப் பிரான்சுக்குள் நுழைந்தார்கள். மூட்டைகளின் மேல் சாய்ந்து களைத்துக் கிடக்கும் சிறுமியையும், கட்டிடம் ஏதுமின்றி வெறும் கடற்கரை மணலில் முள்வேலியிட்டு அமைக்கப்பட்ட அர்ஜெலெஸ் முகாமையும் காபா எடுத்த படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டி, ஒவ்வொன்றிலும் அவர் எந்த உயரத்தில், எவ்வளவு தொலைவில் நின்றிருப்பார் என்று எங்களையே கணிக்கச் சொன்னார்கள். அப்போது, கங்கைகொண்டான் பக்கம் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர் எழுந்து, தங்கள் முகாமுக்குக் கேமராவோடு வருகிறவர்கள் நலத்திட்டப் பொருள் வழங்குவதையும் தண்ணீருக்கு வரிசையில் நிற்பதையும் மட்டுமே எடுக்கிறார்கள், உள்ளே நடக்கும் பூப்புனித நீராட்டையும் கல்யாணத்தையும் யாரும் எடுப்பதில்லை என்றார். கல்யாணப் படக்காரர்கள் நிறைந்த அரங்கில் இதைவிடப் பொருத்தமான கேள்வி எழ முடியாது. முகாமுக்குள் நுழைய அனுமதி பெறுவதைப் பற்றியும், எடுத்த படத்தை எடுக்கப்பட்டவரிடம் கொடுப்பதைப் பற்றியும் அதன்பின் நடந்த விவாதத்தை நடத்துநர் தடுக்காமல் விட்டது அவருடைய நிதானத்தைக் காட்டியது.

குறைகளும் உண்டு. குண்டடிபட்டு விழும் ஸ்பானியப் படைவீரரைக் காபா எடுத்த படம் உண்மையா, நடிக்கவைத்ததா என்ற பழைய சர்ச்சைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிட்டது வீண். 1937 ஜூலையில், ஸ்பெயினின் புருனெட்டே போரில், இருபத்தாறு வயதில் உயிரிழந்த தாரோவை வெறும் காதலியாக மட்டும் காட்டியதை ஏற்க முடியவில்லை; அவரும் ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த அகதி, அவருடைய கேமராவும் அதே களத்தில் இருந்தது. காபா, தாரோ, சக புகைப்படக்காரர் டேவிட் சேமூர் ஆகிய மூவரின் ஸ்பெயின் நெகட்டிவ்கள் சுமார் 4,500, பெட்டிகளில் அடைபட்டு மெக்சிகோவில் பல்லாண்டுகள் கிடந்து 2007இல் நியூயார்க் வந்து சேர்ந்தன. எது யார் எடுத்தது என்று பிரித்தறிய உதவிய அந்தப் பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. 1948க்குப் பின் இஸ்ரேலில் வந்திறங்கிய குடியேறிகளைக் காபா எடுத்த படங்களோ ஐந்தே நிமிடங்களில் ஓடிவிட்டன. அதே காலத்தில் அந்த மண்ணிலிருந்து 7 லட்சம் அளவிலான பாலஸ்தீனர் அகதிகளானதைச் சொல்லாமல் அவற்றைக் காட்டுவது அரைகுறை.

1947இல் மேக்னம் என்ற புகைப்படக் கலைஞர்களின் கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கிய காபா உள்ளிட்டோர், படத்தின் உரிமை எடுத்தவருக்கே என்று வகுத்துக்கொண்டதை விளக்கிய பகுதி சிறியதாயினும் எங்கள் தொழிலுக்கு நேரடியாகப் பயன்படுவது. 1954 மே 25 அன்று வியட்நாமில் கண்ணிவெடியில் காபா இறந்ததை நாடகமாக்காமல் ஒரே படத்தோடு முடித்ததையும் பாராட்ட வேண்டும்.

அரங்கின் திரைச்சீலை போதாமல் பிற்பகல் வெயிலில் படங்களின் கருமை வெளிறித் தெரிந்தது; கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. இவ்விரண்டையும் சரிசெய்தால் 1,000 ரூபாய் கேட்டாலும் தரலாம். கேமராவின் நுட்பம் கற்க விரும்புவோருக்கு இது ஏற்றதன்று. திருநெல்வேலி சந்திப்பிலிருந்து வருவோர் காலை ஒன்பதரைக்குள் வந்துவிடுவது நல்லது, முதல் அமர்வு குறித்த நேரத்தில் தொடங்கிவிடுகிறது.