நீர் டிராகன் பெட்டி: நீச்சலுக்கும் வேட்டைக்கும் தாராளமா வாங்கலாம், சண்டைய மட்டும் நம்மளே எழுதிக்கணும்

சிங்கப்பூர்ல பிராஸ் பசா பக்கம் ஒரு கேம் கடைல இந்த நீர் டிராகன் பெட்டிய 68 வெள்ளிக்கு வாங்கினேன். டேபிள்டாப் ரோல் பிளே, அதாவது மேசையச் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு கேரக்டரா கதை சொல்லி டைஸ் உருட்டி ஆடுற கேம், அத ஆடுறவங்களுக்கான எக்ஸ்பான்ஷன் (ஏற்கனவே இருக்கிற கேமோட சேத்துக்கிற பெட்டி), உள்ள ஒரு ரூல் புக், ரெண்டு மேப், ஒரு கட்டு கார்டு, உள்ளங்கைய விட கொஞ்சம் பெருசா ஒரு டிராகன் மினியேச்சர். சின்ன கம்பெனி, பேர இங்க போடல, வேணும்ங்கிறவங்க தனியா கேளுங்க சொல்றேன். நாங்க யீஷூன்ல வீட்டுல உக்காந்து ஆடுற குரூப், புக்கு இங்கிலீஷ்ல இருந்தாலும் கதை சொல்றது, திட்டுறது, செத்துப் போறது எல்லாம் தமிழ்லதான், அதனால இத படிக்கிறவங்க தமிழ்ல ஃபேன்டசி எழுதுறவங்களா இருந்தாலும் சரி, கேம் நடத்துறவங்களா இருந்தாலும் சரி, ரெண்டு பேருக்கும் உதவுற மாதிரி எழுதுறேன்.

மொதல்ல நீச்சல். இந்த புக்குலயே சிறந்த பகுதி இதுதான், இதுக்காகவே காசு கொடுக்கலாம். ஆரம்பத்துலயே இறக்கைல கை வெச்சிட்டாங்க. தண்ணி காத்த விட கிட்டத்தட்ட 800 மடங்கு அடர்த்தி, வானத்துல பறக்குறதுக்கு ஏத்த மாதிரி விரிஞ்ச இறக்கைய அப்படியே தண்ணிக்குள்ள அடிச்சா ஒண்ணு இறக்கை கிழியும் இல்லன்னா டிராகன் ஒரே எடத்துல நிக்கும். பெங்குவினோட இறக்கை சின்னதா கெட்டியா துடுப்பு மாதிரி ஆனதுக்கும் பறக்குறதையே விட்டதுக்கும் அதுதான் காரணம். அதனால இங்க இறக்கை வேணும்னா தண்ணில இறங்கும்போது அத உடம்போட மடக்கிக்கணும், இல்ல பறக்குறத மறந்துடணும், ரெண்டையும் ஒண்ணா வெச்சுக்க முடியாதுன்னு ரூல்லயே கட்டிப் போட்டுட்டாங்க. எத்தனையோ கதைல டிராகன் மேகத்துல பறந்து வந்து அதே வேகத்துல கடலுக்குள்ளயும் பறக்கும், அத படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒட்டாது.

அடுத்து மூணு விதமான உடம்பு கொடுக்கறாங்க, நம்ம கதைக்கு எது வேணுமோ எடுத்துக்கலாம். விலாங்கு மாதிரி தலைல இருந்து வால் வரைக்கும் வளைஞ்சு வளைஞ்சு போறது ஒண்ணு, சூரை மீன் மாதிரி உடம்ப வெறப்பா வெச்சுக்கிட்டு வால மட்டும் அடிச்சு போறது ஒண்ணு, கடலாமை மாதிரி துடுப்பால தள்ளிக்கிட்டு போறது ஒண்ணு. இதுல எனக்கு பிடிச்சது என்னன்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை இருக்கு. விலாங்கு உடம்பு சதுப்புநில வேருக்கு நடுவுல கூட புகுந்து வரும், திரும்புற எடத்துலயே திரும்பும், ஆனா தூரம் போனா களைச்சிடும். சூரை உடம்பு நடுக்கடல்ல எந்த கப்பலையும் விரட்டிப் பிடிக்கும், ஆனா ஆத்துக்குள்ள வந்தா திரும்பவே எடம் பத்தாது. ஆமை உடம்புல வேகம் கம்மி ஆனா ரொம்ப தூரம் அலட்டிக்காம போகும்.

ரெண்டாவது உடம்ப ஏன் நம்பலாம்னு ஒரு சின்ன விஷயம். மோசசார்னு டைனோசர் காலத்துல கடல்ல வாழ்ந்த பெரிய ஊர்வன இருக்கு, பல்லி, பாம்புக்கெல்லாம் சொந்தக்காரன், நெஜமாவே கடல் டிராகன்னு சொல்லலாம். ரொம்ப நாளா அது விலாங்கு மாதிரி வளைஞ்சு நீந்துச்சுன்னுதான் படமெல்லாம் வரைஞ்சிட்டு இருந்தாங்க. அப்புறம் ஜோர்டான்ல கெடச்ச ஒரு ஃபாசில்ல வால் துடுப்போட வடிவமே கல்லுல பதிஞ்சிருந்துச்சு, 2013ல அத வெளியிட்டாங்க, பாத்தா சுறாவ தலைகீழா வெச்ச மாதிரி வால்! நம்ம டிராகனுக்கும் வால் நுனில ஒரு பிறைத் துடுப்பு வெச்சிட்டா அது கடல் முழுக்க சுத்தி வர்ற ஜீவன்னு படிக்கிறவங்களுக்கு சொல்லாமலே புரிஞ்சிடும்.

இன்னொரு ரூல், கதை எழுதுறவங்க கண்டிப்பா எடுத்துக்க வேண்டியது. தண்ணி மேல்மட்டத்துல நீந்துறது ஆழத்துல நீந்துறத விட கஷ்டம், ஏன்னா மேல போகும்போது அலை எழுப்புறதுலயே நிறைய பலம் வீணாகும். அதனால டிராகன் முதுகு தெரிய படகு பின்னாடி துரத்திக்கிட்டு வர்றது படத்துல பாக்க நல்லா இருக்கும், ஆனா புத்தியுள்ள டிராகன் அடியில வரும், கடைசி நேரத்துலதான் மேல வரும். எங்க குரூப்புல இந்த ரூல் வந்ததுக்கு அப்புறம் படகுல போறவங்க பின்னாடி பாக்குறத விட்டுட்டு கீழ எட்டிப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க, பயமே வேற மாதிரி ஆயிடுச்சு.

காலு விஷயத்துல மட்டும் புக்கு சும்மா ஒரு வரில முடிச்சிடுது. இத நம்ம ஊர்லயே பாத்து கத்துக்கலாம், சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு போனீங்கன்னா நீர் உடும்பு கண்டிப்பா கண்ணுல படும். அது கரைல நடக்கும்போது பாருங்க, அகலமா கால வெச்சு தத்தக்கா பித்தக்கான்னு நடக்கும், தண்ணில இறங்குன அடுத்த நொடி நாலு காலையும் பின்னாடி மடக்கி உடம்போட ஒட்டிக்கும், பக்கவாட்டுல தட்டையா இருக்கிற அந்த வால் மட்டும் எஸ் மாதிரி போகும். காலாலயும் வாலாலயும் சேந்து அடிச்சு நீந்துற டிராகன எழுதாதீங்க, ப்ளீஸ்.

வேட்டை பகுதிக்கு வர்றேன். இது முழுக்க முழுக்க முதலைய பாத்து எழுதிருக்காங்கன்னு நல்லா தெரியுது, அது சரியான முடிவு. சுங்கை பூலோவோட மெயின் பிரிட்ஜ் மேல நின்னு உப்புத்தண்ணி முதலைய பாத்தவங்களுக்கு தெரியும், மொதல்ல ஒண்ணுமே தெரியாது, பழுப்புத் தண்ணி, ஒரு மரக்கட்டை. அப்புறம் அந்த கட்டைல ரெண்டு மேடு கண்ணுன்னு புரியும், அதுக்கு முன்னாடி கொஞ்சம் தள்ளி மூக்கு, நடுவுல எல்லாம் தண்ணிக்குள்ள. அது உள்ள இறங்குனா ஒரு சலனம் இருக்காது, குமிழி கூட வராது. அந்த எடத்துல தண்ணி கலங்கலா இருக்கு, ரெண்டு மீட்டர் உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, அந்த மாதிரி தண்ணில கண்ண வெச்சு வேட்டையாட முடியாது. முதலை தாடைல பொட்டு பொட்டா இருக்கும் பாருங்க, அதெல்லாம் தண்ணியோட அசைவ உணர்ற உறுப்பு, முதலைக்கு சொந்தக்காரனான அலிகேட்டர வெச்சு இருட்டுல டெஸ்ட் பண்ணினப்போ ஒரு சொட்டு தண்ணி விழுந்த எடத்துக்குக் கூட திரும்பிச்சாம். இத அப்படியே கார்டுல கொண்டு வந்திருக்காங்க: தண்ணில அசையாம நிக்கிற கேரக்டர டிராகனால கண்டுபிடிக்க முடியாது, கால ஆட்டுனா டைஸ் உருட்டணும். எங்க வீட்டுல ஒரு மணி நேரம் நாலு பேர் கழுத்தளவு தண்ணில அசையாம நின்ன சீன் இந்த ஒரு கார்டால வந்ததுதான், அதுல யாரும் ஃபோன தொடல.

ஆடும்போது அண்ணன் மக கேட்டா, "சித்தப்பா, தண்ணிக்குள்ள வாய தொறந்தா தொண்டைல தண்ணி போயிடாதா, டிராகன் முழுகிடாதா?"ன்னு. அவளுக்கு பதினோரு வயசு, கேட்டது ரொம்ப சரியான கேள்வி. முதலைக்கு உதடே கிடையாது, வாய மூடினாலும் உள்ள தண்ணி போகும், ஆனா தொண்டை வாசல்ல ஒரு கதவு மாதிரி தசை இருக்கு, அது மூடிக்கும். அதனால வாயில இரைய கவ்விக்கிட்டே முழுகாம இருக்கும். ஆனா முழுங்கணும்னா அந்தக் கதவ தொறந்தாகணும், அதுக்கு தலைய தண்ணிக்கு மேல தூக்கியே ஆகணும். புக்குல இதுக்கும் ரூல் இருக்கு, டிராகன் யாரையாவது பிடிச்சா முழுங்க மேல வந்தே தீரணும், அந்த ஒரு ரவுண்டுதான் மத்தவங்களுக்கு வாய்ப்பு. "அப்போ நம்ம கரைல காத்திருப்போம், அது எங்க வரும்னு பாத்துட்டே இருப்போம்"னு அவளே பிளான் போட்டுட்டா. நல்ல ரூல்னா இப்படித்தான் இருக்கணும், மிருகத்தோட உடம்பு தெரிஞ்சா ஜெயிக்கிற வழி தெரியணும்.

கூட்டமா வேட்டையாடுற குட்டி டிராகன்களுக்கு நீர்நாய்களோட பழக்கத்த கொடுத்திருக்காங்க, வரிசையா வளைச்சு மீன ஓரத்துக்கு தள்ளிட்டு வர்றது. காலாங் பக்கமோ பீஷான் பூங்காலயோ நீர்நாய் குடும்பம் மீன் பிடிக்கிறத பாத்தவங்களுக்கு இது எவ்வளவு சரின்னு தெரியும். களவா மீன் மாதிரி வாய டபக்னு தொறந்து தண்ணியோட சேத்து இரைய உறிஞ்சுற வித்தை மட்டும் இல்ல, பெரிய வாய் இருக்கிற டிராகனுக்கு அது இல்லாதது குறைதான்.

இப்போ சண்டை. இங்கதான் எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு, ஏன்னா தண்ணிய இவ்வளவு யோசிச்சு எழுதினவங்க சண்டைன்னு வந்த உடனே தண்ணிய மறந்துட்டாங்க. நிலத்து டிராகனோட கார்ட எடுத்து நீல கலர் அடிச்ச மாதிரி இருக்கு. நெருப்பு மூச்சு தண்ணிக்குள்ளயும் அதே தூரம் போகுது, நகத்தால கீறுறது, வால சொழட்டி அடிக்கிறது, மேல கீழ எல்லா பக்கமும் ஒரே வேகம், எத்தனை ரவுண்டு ஆனாலும் களைப்பே இல்ல.

கஜேந்திர மோட்சம் கதை தெரியாத வீடு நம்மள்ல கிடையாது. யானைய முதலை எங்க பிடிச்சது, கால தண்ணில வெச்சப்போ. கரைல அந்த யானைய முதலையால ஒண்ணும் பண்ண முடியாது. தண்ணி மிருகத்தோட சண்டைல யார் பெரியவங்கிறத விட சண்டை எந்த எடத்துல நடக்குதுங்கிறதுதான் எல்லாமே, அது உங்கள உள்ள இழுக்கும், நீங்க அத வெளிய இழுக்கணும். இந்த இழுபறிக்கு புக்குல ஒரு ரூல் கூட இல்ல. நான் போட்டது இதுதான்: ஒவ்வொரு ரவுண்டுலயும் அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் இழுக்குற டைஸ் போடணும், ஜெயிச்சவங்க ஆழத்த மாத்தலாம்.

அப்புறம் தண்ணிக்குள்ள காலூன எடம் கிடையாது. நீங்க ஒருத்தர தள்ளினா நீங்களும் பின்னாடி போவீங்க, அதனால நகத்தால ஓங்கி அடிக்கிறதுல பெரிய பிரயோஜனம் இல்ல, கவ்விப் பிடிச்சாத்தான் பலம். முதலை கவ்விக்கிட்டு உருளுறது அதுக்குத்தான், அதால மெல்ல முடியாது, உருண்டுதான் பிய்க்கணும். உப்புத்தண்ணி முதலையோட கடிய அளந்தப்போ 16,000 நியூட்டனுக்கு மேல விசை வந்துச்சு, அதே முதலையோட வாய தொறக்குற தசை ரொம்ப சோப்ளாங்கி, மூடின வாய்ல டேப் சுத்தினா போதும், அப்படித்தான் பிடிக்கிறவங்க பிடிக்கிறாங்க. டிராகனுக்கும் இந்த பலவீனத்த கொடுங்க, வாள் வெச்சிருக்கிறவன விட கயிறு வெச்சிருக்கிறவன் ஹீரோ ஆயிடுவான். வாள தண்ணிக்குள்ள வீசவும் முடியாது, ஈட்டிதான் சரி, நேரா குத்துறதுக்கு தண்ணி அவ்வளவா தடுக்காது.

களைப்பும் வேணும். முதலை பாயுற வேகம் கொஞ்ச நேரத்துக்குத்தான், உடம்புல அமிலம் சேந்துடும், பெரிய முதலை ரொம்ப நேரம் போராடினா அதுலயே செத்துப் போறதும் உண்டு. எங்க டேபிள்ல டிராகனுக்கு மூணு ரவுண்டுதான் முழு பலம், அப்புறம் அது அடியில போய் படுத்துக்கணும். அது படுத்திருக்கிற நேரம்தான் கதைல பதற்றமே ஏறுது.

நெருப்புக்கு பதிலா என்ன வெக்கலாம்னு கேப்பீங்க. கரண்ட் வெக்கலாம், பிரேசில்ல ஒரு மின்விலாங்குல 860 வோல்ட் வரைக்கும் அளந்து 2019ல சொல்லிருக்காங்க. அது சும்மா ஷாக் அடிக்கிறது மட்டும் இல்ல, அடிச்ச உடனே இரையோட தசை தானா இறுகிடும், ஓட முடியாது. ஆனா அது ஆத்து மிருகம், உப்புத்தண்ணில கரண்ட் சுத்தி ஓடிடும், அதனால கடல் டிராகனுக்கு மின்திருக்கை மாதிரி கம்மி வோல்ட்டு, நிறைய கரண்ட்டு, தொட்டாத்தான் வேலை செய்யும்னு வெக்கணும். ஆத்துலயும் கடல்லயும் ஒரே டிராகன் ரெண்டு விதமா சண்டை போடுறது எவ்வளவு நல்ல கதை! இல்லன்னா சத்தம். தண்ணில சத்தம் நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் போகும், காத்துல போறத விட நாலு மடங்குக்கு மேல. பிஸ்டல் இறால்னு விரல் நீளத்துக்கு ஒண்ணு இருக்கு, கொடுக்க படக்குனு மூடும்போது ஒரு குமிழி உருவாகி வெடிக்கும், அந்த சின்ன குமிழிக்குள்ள ஒரு கணம் 4,000 டிகிரிக்கு மேல சூடு, பக்கத்துல இருக்கிற இரை அப்படியே சுருண்டு விழும். அந்த கொடுக்க டிராகன் தாடை சைஸுக்கு யோசிச்சு பாருங்க. நெருப்பே வேணும்னு பிடிவாதம் பிடிக்கிறவங்களுக்கு, தண்ணிக்குள்ள நெருப்பு இந்த குமிழிதான்.

மினியேச்சர் வார்ப்பு சுத்தம், செதில் வரைக்கும் தெரியுது, ஆனா மேலயும் கீழயும் ஒரே நீலம். தண்ணில வேட்டையாடுற நிறைய மிருகத்துக்கு முதுகு கருப்பு, வயிறு வெளுப்பு, மேல இருந்து பாத்தா ஆழத்தோட கலந்துடும், கீழ இருந்து பாத்தா வெளிச்சத்தோட கலந்துடும். வயித்துக்கு வெள்ளை அடிச்சுக்கோங்க, ஒரு சாயங்கால வேலை. ரூல் புக்கு பைண்டிங் கொஞ்சம் வீக், நடுப்பக்கம் சீக்கிரம் கழண்டு வருது.

ரெண்டு மேப்புல ஆழ்கடல் மேப்ப நாங்க அவ்வளவா எடுக்குறதில்ல. முகத்துவார மேப்புதான் தங்கம், ஒரு பக்கம் கடல் ஏறும்போது, திருப்புனா வத்தும்போது, நடு ஆட்டத்துல மேப்ப திருப்ப சொல்றாங்க, டிராகன் நின்ன எடம் திடீர்னு சேறாயிடுது. நாலு பேர் ஆடலாம், பத்து வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு, அது சரிதான். கார்டு தனியாவும் விக்கிறாங்க, 15 வெள்ளி, வேட்டை கார்டு மட்டும் வாங்கிட்டு மினியேச்சர் வேணாம்னு நெனைக்கிறவங்க கடைல கேட்டுப் பாருங்க, ஆர்டர் எடுத்து வெச்சு தர்றாங்க.