ஜாஸ் வேண்டாம் என்பவருக்கு முதலில் எதைப் போடலாம்?

என் மச்சானுக்கு ஜாஸ் மீது ஒரே புகார்தான்: “ஆளாளுக்கு ஒண்ணு வாசிக்கிறாங்க, பாட்டு எங்க இருக்கு?” அவரை உட்காரவைத்து ஒரு ஆல்பமாவது முழுசாகக் கேட்கவைக்க வேண்டும் என்று மூன்றை எடுத்து வைத்தேன். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, டேவ் ப்ரூபெக் குழுவின் ‘டைம் அவுட்’, எல்லா ஃபிட்ஜெரால்டும் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடிய ‘எல்லா அண்ட் லூயிஸ்’. முதல் இரண்டும் 1959இல் வந்தவை, மூன்றாவது 1956. கடைசியில் போட்டது மூன்றாவதைத்தான்.

மூன்றுமே காதை உறுத்தாது, மூன்றும் சுலபமாகக் கிடைக்கும். அதில் பேச ஒன்றுமில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: கேட்பவருக்கு மெட்டு பிடிபடுகிறதா? ஜாஸில் பெரும்பாலும் மெட்டை முதலில் ஒருமுறை வாசிப்பார்கள். பிறகு அதே கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசை திரும்பத் திரும்ப ஓட, அதன் மேல் ஒவ்வொருவராகக் கற்பனையை விரிப்பார்கள். முடிவில் மெட்டு திரும்பி வரும். மெட்டு மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தால்தான் நடுவில் நடப்பது புரியும். நம் கர்நாடகக் கச்சேரியிலும், சாகித்யம், அதாவது பாட்டின் வரி, தெரியாதவருக்கு அதை விரித்துப் பாடும் நிரவலில் என்ன பிடிபடும்?

‘எல்லா அண்ட் லூயிஸ்’ ஜெயிப்பது இங்கேதான். எல்லாம் பாடல்கள், பெரும்பாலும் பிராட்வே மேடைக்கும் ஹாலிவுட் படத்துக்கும் எழுதப்பட்டவை. ‘சீக் டு சீக்’கை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆம்ஸ்ட்ராங் தன் கரகரத்த குரலில் பாடுகிறார், பிறகு அதே மெட்டை எல்லா ஃபிட்ஜெரால்ட் வழவழப்பாக எடுத்துக்கொள்கிறார். ஒரே வரியை இரண்டு பேர் எப்படி வேறுவேறாக இழுக்கிறார்கள், எங்கே தாமதிக்கிறார்கள் என்பது யாரும் விளக்காமலே தெரிந்துவிடுகிறது. ஜாஸின் பாதி சங்கதி அதுதானே! ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட்டை எடுக்கும் இடங்களிலும், மெட்டு ஏற்கெனவே காதில் இருப்பதால் அவர் அதை விட்டு எவ்வளவு விலகுகிறார் என்று தொடர முடிகிறது. பின்னால் ஆஸ்கர் பீட்டர்சனின் பியானோ குரலுக்கு வழிவிட்டே நடக்கிறது. மச்சான் இரண்டாவது பாட்டிலேயே “இந்தாளு குரல் நல்லாருக்கே” என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

‘டைம் அவுட்’ இரண்டாவது இடம். குழுவின் சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் எழுதிய ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கையில் போகிறது. தகிட தக என்று தொடையில் தட்டிக்கொண்டே கேட்கலாம். ஜோ மோரெல்லோ டிரம்ஸில் தனி வாசிக்கும்போதும் பியானோ அந்த ஐந்தை விடாமல் போட்டுக்கொண்டிருப்பதால் வழி தவறாது. ஆனால் அந்த ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு மற்றவற்றைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வைத்தான் எல்லோரும் முதலில் பரிந்துரைக்கிறார்கள். அழகில் குறையே இல்லை. அதன் முதல் பாட்டான ‘ஸோ வாட்’டில் பேஸ் (bass, கனத்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம்) ஒரு கேள்வி கேட்க, பியானோ இரண்டே கார்டில் பதில் சொல்லும் இடம் யாரையும் இழுத்துவிடும். அதன் பிறகு ஒன்பது நிமிடப் பாட்டில் பெரும்பகுதி தனி வாசிப்பு. கார்டுகளும் மிகக் குறைவு என்பதால் புதியவர் பிடித்துக்கொள்ள அடையாளமே இல்லை. எதிர்ப்புச் சொல்ல மாட்டார், ஆனால் போனைக் கையில் எடுத்துவிடுவார்.

ஒரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. குரல் வழியாக உள்ளே வந்தவர் குரலோடே நின்றுவிடலாம். மச்சான் இன்னும் கருவியிசைக்கு வரவில்லை, அதனால் அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல என்னிடம் அனுபவம் போதாது. தாளம் போடும் கை உள்ளவர் என்றால் ‘டைம் அவுட்’டிலிருந்தே தொடங்கலாம், அதுவும் அதில் வரும் ‘ப்ளூ ராண்டோ’விலிருந்து. தக தக தக தகிட என்று ஒன்பது. மிருதங்கம் பழகிய ஒரு நண்பருக்கு மட்டும் அதைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அவராகவே கணக்கைப் பிடித்துக்கொண்டார்.