குமரி ஈரத்தில் ஓர் ஆர்கேட் பெட்டி: எதை எடுப்பது, எதை விடுவது?

காசு போட்டு விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டியான ஆர்கேட் பெட்டியை வீட்டில் கட்டச் சொல்லித்தரும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்ந்த, உலர்ந்த ஊர்களில் உட்கார்ந்து எழுதப்பட்டவை. எம்.டி.எஃப். என்ற அழுத்துப் பலகையை அறு, ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றைப் பொருத்து, வேலை முடிந்தது என்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனில் சுவரில் ஏறும் ஈரம் டிசம்பர் கடந்துதான் இறங்கும். காற்றடித்து ஒரு ரப்பர் கிளை மின்கம்பியில் சாய்ந்தால் கரண்ட் போய்விடும். இந்த இரண்டையும் கணக்கில் எடுத்தால், அந்த வழிகாட்டிகள் முதலிடம் தரும் இரண்டு பொருள்களும் பட்டியலின் அடிக்குப் போய்விடுகின்றன. தச்சு வேலை தெரியாமல், சால்டரிங் கோலை அதிகம் பிடித்திராமல், தக்கலைப் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கட்டி முடித்தவன் என்ற தகுதியில் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் வடிவம். நின்றுகொண்டு விளையாடும் ஆளுயரப் பெட்டி, மேசைமேல் தூக்கி வைக்கும் குட்டிப் பெட்டி, கண்ணாடிக்கு அடியில் திரை படுத்திருக்கும் தாழ்மேசை என்று மூன்று வகை உண்டு. தாழ்மேசைக்குத்தான் கவர்ச்சி அதிகம். டைட்டோ நிறுவனத்தின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் 1978-இல் வெளிவந்து ஜப்பானியக் காபிக்கடைகளை நிறைத்தது இந்த வடிவத்தில்தான். இருவர் எதிரெதிரே உட்காருவார்கள். முறை மாறும்போது படம் மறுபக்கத்தவருக்காகத் திரும்பிக்கொள்ளும். ஆனால் 1991-இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போன்ற சண்டை ஆட்டங்களை இருவரும் ஒரே நேரத்தில் ஆடவேண்டும், அதனால் எதிரே இருப்பவருக்கு எல்லாமே தலைகீழ். தவிர, நம் வீடுகளில் கண்ணாடி போட்ட எந்த மேசையும் ஒரு வாரத்தில் செய்தித்தாளும் டீ டம்ளரும் வைக்கும் இடமாகிவிடும்.

ஆளுயரப் பெட்டி பார்க்கக் கம்பீரமானது. கைப்பிடிப் பலகை தரையிலிருந்து 90 முதல் 95 செ.மீ. உயரத்தில் வரும், கைக்கு அதுதான் சுகம். ஆனால் அதற்கு எட்டுக்கு நான்கு அடிப் பலகை குறைந்தது இரண்டு வேண்டும். 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை ஒன்றே ஏறக்குறைய 40 கிலோ. கட்டி முடித்தபின் மாடிப்படி வளைவில் அதைத் திருப்ப முடியாமல் நிற்பவர்களைப் பார்த்து நாம் சிரிக்கலாம், அந்த இடத்தில் நாமே நிற்கக்கூடாது. குட்டிப் பெட்டிக்கு 12 மி.மீ. பலகையில் பாதி போதும். ஒரு பக்கத்தைக் கோணலாக அறுத்துவிட்டாலும் மிச்சத்தில் இன்னொன்று எடுக்கலாம். முதன்முறை கட்டுகிறவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான், யோசனையே வேண்டாம்.

மரத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது. எம்.டி.எஃப். அறுக்க மெழுகாக இருக்கும், கண்ணாடிபோல் பெயின்ட் ஏறும், விலையும் குறைவு. அதன் குறை முழுவதும் விளிம்பில் இருக்கிறது. மரத்தூளையும் பிசினையும் அழுத்திச் செய்த பலகை என்பதால் அறுத்த விளிம்பு தண்ணீரைக் குடிக்கும். தரை துடைத்த ஈரம் அடிவிளிம்பில் பட்டு, தேநீரில் முக்கிய ரஸ்க் மாதிரி அது பருத்து உதிர்வதை ஒரு சமையலறை அலமாரியில் கண்ணாரக் கண்டிருக்கிறேன். வீங்கியது காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. அதற்குள் முறுக்கிய திருகும் பிடிவிட்டுப்போகும். எல்லா விளிம்புக்கும் சீலர் அடித்துப் பெயின்ட் பூசினால் தாங்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் பொத்தான் துளைகளின் உள்விளிம்புகளையும் சேர்த்து அடிக்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

பிளைவுட்டில் இரண்டு இந்தியத் தர முத்திரைகளைக் கவனிக்கவேண்டும். ஐ.எஸ். 303 என்பது பொதுவகை. அதற்குள்ளும் ஈரம் ஓரளவு தாங்கும் எம்.ஆர்., கொதிநீர் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். என்று இரண்டு தரம். ஐ.எஸ். 710 என்பது கடைக்காரர்கள் மரைன் என்று சொல்வது. வீட்டுக்குள் நிற்கும் விளையாட்டுப் பெட்டிக்கு மரைன் தேவையில்லை, பி.டபிள்யூ.ஆர். போதும். கடைக்காரர் “இதுவும் அதுவும் ஒன்றுதான்” என்று எம்.ஆர். பலகையை நீட்டினால், பலகைமேல் அச்சடித்திருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிளைவுட்டின் தொல்லை அறுக்கும்போது வரும். ரம்பம் வெளியேறும் பக்கத்தில் மேல்தாள் சிலும்பும். கோட்டின்மேல் பேப்பர் டேப் ஒட்டி அறுத்தால் சிலும்பல் குறையும். துளை போடும்போது அடியில் ஒரு வேண்டாத பலகையை இறுக்கிப் பிடித்தால் பெரும்பாலும் நின்றேவிடும்.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு வேறொரு சபலமும் வரும். வீட்டுப் பின்புறத்திலேயே அயினியோ பலாவோ அறுத்துப் போட்டிருக்கும். அயினி தண்ணீருக்கும் கரையானுக்கும் எளிதில் அசையாத மரம். வள்ளம் கட்டவே பயன்பட்டது. நானும் அந்தப் பலகைகளைக் காட்டித்தான் பேச்சை ஆரம்பித்தேன். வேலைக்கு வந்த தச்சர் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதில் கதவு செய்யலாம், கட்டில் செய்யலாம். இந்த அகலத்துக்கு ஒட்டுப்போட்டால் மழைக்கு ஒரு அளவு, வெயிலுக்கு ஒரு அளவு என்று நிற்கும். உங்கள் கண்ணாடி எங்கே உட்காரும்?” என்றார். சரியான கேள்வி. திட மரம் குறுக்குவாட்டில் விரிந்து சுருங்கும். அரை மீட்டர் அகலத்துக்கு மேல் வரும் பக்கப்பலகையில் அந்த அசைவு, திரைக்கு முன்னால் பொருத்தும் அக்ரிலிக்கை ஒரு பருவத்தில் இறுக்கும், மறுபருவத்தில் தளர்த்தும். பிளைவுட்டில் ஏடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அந்த ஆட்டம் இல்லை. கடைசியில் அவர் சொன்ன வழியில்தான் கட்டினோம்: மேல்தோல் பிளைவுட், உள்மூலைகளில் ஓர் அங்குல அயினிச் சட்டங்கள். பிளைவுட்டின் ஓரத்தில் திருகு முறுக்கினால் ஏடு பிளக்கும். அயினிச் சட்டத்தில் திருகு கடித்துக்கொண்டு நிற்கிறது. பின்கதவை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் கவலையில்லை.

ரப்பர் மரப் பலகை நம்மூர்ப் பொருள், விலை சகாயம், வெளிர்நிறம் அழகு. போரான் மருந்தேற்றிய பலகையாக இருந்தால் உலர்ந்த அறையில் தாராளமாக வைக்கலாம். தோட்டத்தில் வெட்டி மருந்தேற்றாமல் மில்லில் அறுத்ததை வாங்கினால் பூசணம் முதலில் வரும், வண்டு பின்னால் வரும். பலகைக்குக் கீழே மாவு கொட்டியிருப்பதைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். இப்போது சமையலறைகளில் புகுந்திருக்கும், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகைக்குத் தண்ணீரும் கரையானும் பொருட்டே அல்ல. ஆனால் ஜாய்ஸ்டிக்கை ஆவேசமாக இழுக்கும் இடத்தில் திருகின் பிடி தளர்கிறது. குளச்சல், முட்டம் போன்ற கடலோரங்களில் இருப்பவர்கள் அடிப்பலகைக்கு மட்டும் இதைப் பயன்படுத்தலாம்.

மேற்பூச்சைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பெயின்டைவிட மைக்கா நல்லது. வெளிநாட்டுப் படங்களில் காணும் ரப்பர் விளிம்புப் பட்டைக்கு, மரத்தில் குழி வெட்டும் ரூட்டர் என்ற கருவியால் நடுவில் வாய்க்கால் வெட்டவேண்டும். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் பி.வி.சி. பட்டையைப் பெவிக்கால் வகைப் பசையால் ஒட்டினாலும் பார்வைக்குக் குறையில்லை.

அடுத்த பெரிய போட்டி கணினிக்கு. ராஸ்பெரி பை 4 போர்டு கைக்குள் அடங்கும்; 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் போதும்; 1980-களின் ஆட்டங்களையும் 90-களின் தட்டைப்பட ஆட்டங்களையும் திணறாமல் ஓட்டும். சிக்கல் அதன் மெமரி கார்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டிலுள்ள கோப்பமைப்பு கெட்டுப்போக வாய்ப்புண்டு, அடுத்தமுறை பெட்டி எழுந்திருக்காது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தாக்கியபின் நாள்கணக்கில் இருளில் கிடந்த மாவட்டம் இது. சாதாரண மழைக்காலத்திலேயே வெட்டு சகஜம். ராஸ்பெரி பையின் அமைப்புகளில் ஓவர்லே என்ற வசதியை இயக்கினால் கார்டில் எதுவும் எழுதப்படாது, ஆபத்து பெரிதும் குறையும். ஆனால் அதிகபட்சப் புள்ளிகளும் சேமிக்கப்படாது. ஆர்கேட் பெட்டியில் புள்ளிப் பட்டியல் இல்லையென்றால் அண்ணன் தம்பிக்குள் சண்டை போட என்ன இருக்கிறது?

அலுவலகங்கள் கழித்துப்போடும் பழைய டெஸ்க்டாப் இடத்தை அடைக்கும், விசிறி இரையும், மின்சாரமும் அதிகம் குடிக்கும். இருந்தும் என் ஓட்டு அதற்குத்தான். எஸ்.எஸ்.டி. என்ற சுழலாத சேமிப்பகத்தைப் போட்டால் வெட்டுகளைக் கார்டைவிட நன்றாகத் தாங்குகிறது. வீட்டு இன்வெர்ட்டரை யு.பி.எஸ். நிலையில் வைத்தால் பெரும்பாலான வெட்டுகள் அதற்குத் தெரியவே தெரியாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: ஆட்டங்களை நேர்மையாக வாங்கி விளையாட முடிகிறது. பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓடவைக்கும், 1997-இல் தொடங்கிய மேம் என்ற மென்பொருள் இலவசம், சட்டப்படியானது. ஆனால் அதற்குள் போடும் ஆட்டக் கோப்புகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். உரிமையாளர்களே வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு அனுமதித்த கிரிட்லி, ராபி ரோட்டோ போன்றவை கொஞ்சம்தான். ஸ்ட்ரீட் ஃபைட்டரை உருவாக்கிய கேப்காம் நிறுவனத்தின் பழைய ஆட்டங்களை 2021-இல் வந்த கேப்காம் ஆர்கேட் ஸ்டேடியம் என்ற தொகுப்பாக ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கலாம். அதில் 1943 என்ற விமான ஆட்டம் இலவசமாகவே கிடைக்கிறது. இந்தத் தொகுப்பு டெஸ்க்டாப்பில் ஓடும், ராஸ்பெரி பையில் நேரடியாக ஓடாது.

மூன்றாவது ஆள், ஆயிரக்கணக்கான ஆட்டங்களை அடைத்து விற்கும் தயார் போர்டு. கம்பிகளைச் செருகினால் ஒரு மணி நேரத்தில் விளையாடலாம். அந்த ஆயிரங்களுக்கு அனுமதி வாங்கியது யார் என்று கேட்டால் கடையில் பதில் வராது. பட்டியலில் ஒரே ஆட்டம் வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

திரைக்கு அதிகம் யோசிக்கவேண்டாம். பழைய குழாய் டி.வி. ஆக்கர் (பழைய சாமான்) கடையில் சல்லிசாகக் கிடைக்கும், அந்தக் காலப் படத்தின் மினுக்கமும் அதில்தான் சரியாக வரும். ஆனால் வண்ணக் குழாயின் உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, அணைத்தபின்னும் மிச்சம் நிற்கும். மூடியைக் கழற்றிப் பழக்கமில்லாதவர் அந்தப் பக்கமே போகக்கூடாது. குட்டிப் பெட்டியின் ஆழத்துக்குள் அது அடங்கவும் அடங்காது. அகலத் திரை எல்.சி.டி.யில் இரு ஓரமும் கறுப்பாக நிற்கும். 1280-க்கு 1024 அளவுள்ள பழைய 17 அல்லது 19 அங்குல அலுவலக மானிட்டர், ஆர்கேட் படத்தின் நாலுக்கு மூன்று விகிதத்துக்கு மிக அருகில் வருகிறது. நெட்டுத் திரையில் ஓடும் பேக்-மேன் ஆட்டத்துக்காகச் செங்குத்தாகத் திருப்ப நினைத்தால் மட்டும் வாங்குமுன் திருப்பிப் பாருங்கள், பழைய டி.என். வகைத் திரைகள் அப்போது ஒரு பக்கம் நிற்பவருக்கு மங்கும்.

பொத்தானிலும் ஜாய்ஸ்டிக்கிலும் ஜப்பானிய வகை, அமெரிக்க வகை என்று இரண்டு கட்சிகள். ஜப்பானியப் பொத்தானுக்கு 30 மி.மீ. துளை, விரல் பட்டாலே வேலை செய்யும், ஜாய்ஸ்டிக் தலையில் உருண்டை. அமெரிக்க வகைக்கு ஏறக்குறைய 28.5 மி.மீ. துளை, அழுத்தம் கூடுதல், ஜாய்ஸ்டிக் பேரிக்காய் வடிவம். எந்தக் கட்சி உயர்ந்தது என்று மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். மரத்தில் கட்டுகிறவருக்கு முடிவைச் சொல்வது பலகையின் தடிமன். ஜப்பானியப் பொருள்கள் மெல்லிய உலோகத் தகட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அதன் கவ்விப் பிடிக்கும் பொத்தான் 12 மி.மீ. மரத்தில் கவ்வாது, ஜாய்ஸ்டிக்கின் தண்டும் குட்டையாகிவிடும், அடியில் ரூட்டரால் குழித்துத்தான் பொருத்தவேண்டும். அமெரிக்கப் பொத்தானுக்கு நீண்ட கழுத்தும் மரையும் உண்டு, அடியில் நட்டை முறுக்கினால் போதும். கையில் ரூட்டர் இல்லாத புதியவர் அமெரிக்க வகையை எடுக்கட்டும். பழைய பேக்-மேனுக்கு நான்கு திசை ஜாய்ஸ்டிக்தான் சரி. எட்டுத் திசையில் வைத்தால் மூலைகளில் அது தயங்கும். தடுப்புத் தட்டைத் திருப்பி நான்காகவும் எட்டாகவும் மாற்றக்கூடிய மாடலாகக் கேட்டு வாங்குங்கள்.

கம்பி முனைகளிலும் கவனம் வேண்டும். ஜப்பானிய வகை மைக்ரோஸ்விட்சுக்கு 2.8 மி.மீ. முனை, அமெரிக்க வகைக்கு 4.8 மி.மீ. பொத்தான்களைக் கணினியோடு இணைக்கும் யு.எஸ்.பி. போர்டோடு வரும் கம்பிகள் எந்த அளவு என்று பார்க்காமல் வாங்கினால் எல்லாவற்றையும் வெட்டி மறுபடி முனை போடவேண்டிவரும். பெட்டியின் பின்பக்கக் காற்றுத் துளைகளுக்கு உள்ளிருந்து கம்பி வலை அடித்துவிடுங்கள். விசிறிக்குக் கேட்கிறேன் என்று நினைக்கவேண்டாம், பல்லிக்குத்தான். சூடான பவர் சப்ளைக்கு அருகில் அது குடியேறும், ஒருநாள் இரண்டு முனைகளுக்கு நடுவே படுத்து, தானும் செத்து போர்டையும் சாகடிக்கும்.

கடைசிப் போட்டி, காசு போடும் துளைக்கும் வெறும் பொத்தானுக்கும். மாதிரிக் காசை உள்ளே வைத்து அதோடு ஒப்பிடும் நாணயப் பெட்டிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு ரூபாய்க்கு ஏற்பாடு செய்யலாம் என்று பார்த்தால் எந்த ஒரு ரூபாய் என்ற கேள்வி வருகிறது. 1990-களின் எஃகுக் காசு 25 மி.மீ., 2011 வரிசை 22 மி.மீ., 2019 வரிசை 20 மி.மீ. போதாக்குறைக்கு 2011 வரிசையின் இரண்டு ரூபாயும் 25 மி.மீ., எடையும் பழைய ஒரு ரூபாயைப் போலவே 4.85 கிராம், பெட்டிக்கு இரண்டும் ஒன்றே. நான் பொத்தானே வைத்தேன். அக்கா பிள்ளைகள் காசு போட்டே தீரவேண்டும் என்று நின்றதால் பக்கத்தில் ஒரு துளையும் வெட்டியிருக்கிறது. அது எந்தக் கம்பியோடும் சேரவில்லை. போட்ட காசு பின்கதவுப் பக்கம் ஒரு பிஸ்கட் டப்பாவில் விழும், ஆட்டத்துக்குப் பொத்தானை அழுத்தவேண்டும்.