ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப்? வருமானத்தை வைத்து ஓர் அலசல்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் மதுரை மாவட்டத்தில் மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பல வீடுகளில் இதே பேச்சுதான்: எந்த குரூப் எடுத்தால் பிள்ளை நாளைக்கு நல்ல சம்பளத்துக்குப் போகும்?

அறிவியல் எடுப்பதே லாபமா என்றால், ஓரளவுக்கு ஆமாம். இந்திய மனித மேம்பாட்டு ஆய்வுத் (IHDS) தரவுகளை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். மேல்நிலையில் அறிவியல் படித்தவர்களின் வருமானம், வணிகமோ கலைப் பாடமோ படித்தவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதல்; படிப்புத் திறமையில் உள்ள வித்தியாசத்தைக் கழித்த பிறகும் அப்படித்தான். ஆனால் அறிவியலுக்குள் எது என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

ஐ.டி. ஆசையில் நிறையப் பேர் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பைக் கேட்கிறார்கள். சரி, பொறியியல் கவுன்சிலிங்கில் 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண்ணைப் பாருங்கள்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கம்ப்யூட்டர் மதிப்பெண் அதில் சேரவே சேராது! கணிதமும் உயிரியலும் சேர்ந்த பயோ-மேத்ஸ் படித்த பெண்ணும் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போகலாம். அதே பெண் நீட்டும் எழுதலாம், நர்சிங்குக்கும் போகலாம். கையில் இத்தனை வழி இருப்பதால் என் ஓட்டு பயோ-மேத்ஸுக்கு. பாடச் சுமை அதிகம்தான். கணிதத்தில் திணறாத பிள்ளைக்கு மட்டும் சொல்கிறேன்.

கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸில் தாவரவியலும் விலங்கியலும் ஆழமாக வரும். நீட்டின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு என்பதால் அது பலம். மருத்துவ இடம் கிடைக்காவிட்டால்தான் சிக்கல்: பி.இ. பக்கம் போக முடியாது. பி.எஸ்சி. விலங்கியல் முடித்தால் எம்.எஸ்சி., பி.எட். என்று படிப்பு நீண்டு, சம்பளம் தள்ளிப்போகும். இதைவிட நர்சிங், பிசியோதெரபி போன்றவை மேல். இத்தனை மருத்துவமனைகள் உள்ள மதுரையில் அந்தப் படிப்புகளை இரண்டாந்தரமாகப் பார்ப்பது எனக்கு வருத்தம்.

அப்புறம், அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கிலம் ஓரளவு பேசத் தெரிந்த அறிவியல் மாணவர்களுக்கு வருமானம் இன்னும் கூடுகிறது. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு குரூப் எதுவானாலும், நீட் கோச்சிங்குக்குப் பணம் கட்டும் வீடு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கும் கொஞ்சம் ஒதுக்கட்டும்.