இருளுக்குப் பழகும் கண்ணை அளக்க: கைப்பேசியா, மருத்துவமனைக் கருவியா?

கண் இருளுக்குப் பழகும் வேகத்தைக் கைப்பேசியால் அளக்க விரும்புவோர், முதலில் திரையில் முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து வைத்து, சன்னல் சாத்திய அறையில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்சிடி திரையானால், தொடக்கத்தில் கறுப்பாக இருந்த அதே படம் மெல்ல மெல்லச் சாம்பல் பூத்து, ஓரங்களில் வெளிச்சம் கசியும் செவ்வகமாகத் தெரியத் தொடங்கும். பின்னாலுள்ள விளக்கு அணைவதே இல்லை. ஓலெட் திரையில் கறுப்புப் புள்ளிகள் ஒளியை உமிழ்வதில்லை. ஆகவே இச்சோதனைக்கு எல்சிடி கைப்பேசியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓலெட்டும் தனியாகப் போதாது. விழித்திரையில் நல்ல வெளிச்சத்தில் பார்க்க உதவும் கூம்பு செல்கள் சுமார் 10 நிமிடத்தில் தம் எல்லையை எட்டிவிடுகின்றன. மங்கலில் பார்க்க உதவும் குச்சி செல்களோ, வெளிச்சத்தில் வெளுத்த ரோடாப்சின் என்னும் ஒளியுணர் நிறமி மீண்டும் உருவாகும்வரை, 30 முதல் 40 நிமிடம் எடுத்துக்கொள்கின்றன. இதற்குள் கண்ணின் உணர்திறன் பல்லாயிரம் மடங்கு உயர்ந்துவிடும். வழக்கமான திரையின் ஒவ்வொரு நிறத்திலும் உள்ள 256 படிகளில் மிக மங்கலானதுகூட, நன்கு பழகிய கண்ணுக்குப் பளிச்சென்றே தெரியும். திரைமேல் ஒளியைக் குறைக்கும் சாம்பல் நிற வடிகட்டியைப் பொருத்தினால்தான் அளவு கைக்குள் வரும்.

மருத்துவமனைக் கருவிகளில் பழையதான கோல்ட்மன்-வீக்கர்ஸ், இருள் பழகும் போக்கு முழுவதையும் வளைகோடாகத் தருகிறது. ஆனால் முதியவர்களுக்கு இருளில் அரை மணிக்கும் மேல் உட்கார்ந்திருப்பது பெரும் சோர்வு. பின்னர் வந்த அடாப்ட்-டிஎக்ஸ், ஒரு மின்னலொளியால் விழித்திரையின் சிறு பகுதியை வெளுக்கச் செய்து, குச்சி செல்கள் குறிப்பிட்ட உணர்திறனுக்கு மீளும் நேரத்தை மட்டும் அளக்கிறது, 6.5 நிமிடத்தைத் தாண்டினால் குறைபாடு என்று கொள்கிறார்கள். விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகும் முதுமை சார்ந்த மாகுலா சிதைவில், எழுத்துப் பலகையைத் தடுமாறாமல் படிப்பவருக்கும் இந்த மீட்சி முன்னதாகவே தாமதமாகிவிடுவதால், அந்த ஒற்றை எண்ணுக்கு மதிப்பு அதிகம். கைப்பேசியில் அளவறிந்த மின்னலொளியும் இல்லை, தாடையைத் தாங்கும் பிடியும் இல்லை, 30 செ.மீ. தூரத்தில் பிடித்த கை 40 செ.மீ.க்கு விலகினால், சோதனைக்காகத் திரையில் காட்டும் ஒளிப்பொட்டு விழித்திரையில் விழும் அளவே மாறிவிடும்.

வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் வேறு கதை. இரண்டு வயதுப் பிள்ளையை இருட்டறையில் உட்காரவைத்து எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. பொழுது சாய்ந்தபின் பிள்ளை தட்டுத் தடுமாறுகிறதா என்று தாயிடம் கேட்பதே அங்கே நடைமுறைக்கு உகந்த சோதனை. இந்தியாவில் 1970 முதல் வைட்டமின் ஏ திரவம் குழந்தைகளுக்குத் தரப்படுவதும் கருவிகளை நம்பியதன்று.

கைப்பேசிக்குப் பொருத்தமான இடம், ஒருவர் தம் முந்தைய அளவீட்டோடு பிந்தையதை ஒப்பிடுவது மட்டுமே. நோயைக் கண்டறிவது அதன் வேலை அன்று. அந்த ஒப்பீட்டுக்கும் அதே கைப்பேசி, அதே வடிகட்டி, அதே அறை வேண்டும். தானியங்கி ஒளிர்வை நிறுத்தி, திரையிலுள்ள குறிப்புகளைக் குச்சி செல்கள் பெரிதும் உணராத அடர்சிவப்பில் வைக்க வேண்டும். நடுவே ஒரு குறுஞ்செய்தி வந்து திரை ஒளிர்ந்துவிட்டால், அந்த அளவீட்டைக் கைவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.