காதல் நாவலா, மனசோடு பேசும் கட்டுரையா? பாம்பனிலிருந்து ஒரு வாசகியின் தேர்வு

புத்தகத்துக்கென்று மாதாமாதம் நான் ஒதுக்கும் காசு கொஞ்சம்தான். அதற்கு இரண்டு வகைப் புத்தகங்கள் போட்டி. ஒன்று, மெல்லிய காதல் கதைகள். ரமணிசந்திரன் பெயரைச் சொன்னால் எந்த வகை என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். இன்னொன்று, நம்மை நாமே கொஞ்சம் திரும்பிப் பார்க்க வைக்கும் கட்டுரைப் புத்தகங்கள். கோடீஸ்வரர் ஆவது எப்படி என்று சொல்பவை கணக்கில் இல்லை. அதட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவற்றை மட்டும் சொல்கிறேன். பல வருஷம் இரண்டையும் கலந்து வாங்கிய பிறகு, இப்போது காதல் கதைகளுக்கே காசைக் கொடுக்கிறேன். கட்டுரைகளை நூலகத்தில் எடுத்துப் படித்துக்கொள்கிறேன்.

விலை, கிடைப்பது பற்றியெல்லாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாத நாவல் பஸ் ஸ்டாண்டு கடையிலேயே தொங்கும், விலையும் குறைவு. நல்ல கட்டுரைப் புத்தகம் வேண்டுமென்றால் ராமநாதபுரம் போக வேண்டும், இல்லையென்றால் தபாலில் வரவழைக்க வேண்டும்.

பயணத்தில் படிப்பதற்குக் கட்டுரைதான் வசதி, அதை ஒத்துக்கொள்கிறேன். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் திறக்க 2025 ஏப்ரல் ஆகிவிட்டது. அதுவரை ராமநாதபுரம் போக வர எனக்குப் பஸ்தான். உச்சிப்புளி வருவதற்குள் ஒரு கட்டுரை முடிந்துவிடும், மண்டபத்துக்குள் இன்னொன்று. நாவல் என்றால் முக்கியமான இடத்தில் இறங்க வேண்டி வரும், வீட்டு வேலை முடிகிற வரைக்கும் மனசு அதிலேயே கிடக்கும்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம். இரண்டாம் தடவை எடுத்தால் அந்தப் புத்தகம் என்ன தருகிறது என்பதுதான் அது. கையில் காசு குறைவாக இருக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

காதல் கதையை ஒரு தடவைதான் படிக்க முடியும், முடிவு தெரிந்த பிறகு அதில் என்ன இருக்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் தடவை படிக்கும்போதே முடிவு தெரியுமே! அட்டையைப் பார்த்தாலே இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் வாங்குகிறோம். முடிவுக்காகப் படிக்காத கதைக்கு, முடிவு தெரிந்ததால் என்ன நஷ்டம்?

ஒரு நாவலில் இப்படி ஒரு இடம். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். சண்டை போட்டுவிட்டு அவன் சாப்பிடாமல் படுத்துவிடுகிறான். அவள் சோற்றுத் தட்டை மூடி வைக்கிறாள். எழுப்பலாமா என்று யோசித்துத் திறக்கிறாள். திரும்ப மூடுகிறாள். முதல் தடவை படித்தபோது, இவர்கள் எப்போது சமாதானம் ஆவார்கள் என்ற தவிப்பில் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனேன். அடுத்த தடவை அந்தத் தட்டிலேயே கண் நின்றுவிட்டது. அவளும் சாப்பிடவில்லை, அதைக் கதையில் யாரும் கேட்கவே இல்லை. எங்கள் வீட்டில் இது எத்தனை தடவை நடந்திருக்கிறது, நான் யாருக்காக மூடி வைத்தேன், எனக்காக யார் மூடி வைத்தார்கள் என்று ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டுரைப் புத்தகம் செய்ய நினைக்கிற வேலையை அந்த ஒரு பக்கம் செய்துவிட்டது.

கட்டுரையில் எனக்கு நடப்பது நேர்மாறு. 'கோபத்தில் பதில் சொல்லாதீர்கள், கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்' என்று வரும். பென்சிலால் கோடு போடுவேன். அடுத்த தடவை எடுத்தால் கோடு போட்ட வரிகளாகத் தேடிக் கண் ஓடும். எல்லாவற்றையும் ஏற்கெனவே ஒத்துக்கொண்டாயிற்று, புதிதாக நான் செய்ய அங்கே எதுவும் இல்லை.

இதிலும் விதிவிலக்கு உண்டு. மு.வ. (மு. வரதராசன்) அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என்று எழுதிய கடித நூல்களை இன்றைக்கும் திரும்ப எடுக்கிறேன். அங்கே ஒருவர் இன்னொருவரிடம் பேசுகிறார். அன்பு, கவலை, சில இடங்களில் கண்டிப்பு எல்லாம் இருக்கின்றன. கிட்டத்தட்ட கதை மாதிரிதான் அதுவும்.

அப்புறம், கைமாற்றுவது. இங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும். அந்த ராத்திரிகளில் எங்கள் தெருவில் படிக்கிற பெண்கள் நாலைந்து பேர் உண்டு. பக்கத்து வீட்டு மதினிக்கு ஒரு தடவை பொறுமை பற்றிய கட்டுரைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். அட்டையைப் பார்த்துவிட்டு, "ஏன்டி, எனக்குப் புத்தி சொல்லவா இதைக் குடுக்குற?" என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். அந்த மாதிரிப் புத்தகத்தை ஒருவர் கையில் கொடுத்தாலே, உனக்கு இது தேவை என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. காதல் நாவலில் அந்தச் சங்கடம் இல்லை. அதே மதினி ஒரு நாவலைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இந்தப் பய வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாதிக் கதையே இல்ல" என்றார்கள். அப்படியே அண்ணன் பேசாமல் இருக்கிற நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

காதல் கதைகளில் எனக்குப் பிடிக்காததும் நிறைய. அதிகாரம் பண்ணுகிறவனைக் கம்பீரமானவன் என்று காட்டுவது, அவன் கை நீட்டியதை அடுத்த அத்தியாயத்திலேயே அவள் மன்னிப்பது. அப்படிப்பட்டவற்றை நான் தெருவில் சுற்ற விடுவதில்லை. பங்களாவும் எஸ்டேட்டும் வருகிற அளவுக்கு, கடலில் பாசி எடுக்கப் போகிற ஒரு பெண்ணோ வலை பின்னுகிற ஒரு வீடோ வருவதில்லை என்ற வருத்தமும் உண்டு. இப்போது செல்போனில் தொடராக வரும் கதைகளில் இது மாறியிருக்கலாம். அவற்றில் கொஞ்சம்தான் படித்திருக்கிறேன், அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு எது நல்லது என்பதிலும் என் அனுபவம் போதாது. வீட்டுக்காரரை இழந்த ஒரு அக்கா, சுபமாக முடிகிற கதையைத் தன்னால் படிக்கவே முடியவில்லை என்று சொன்னார்கள். அவர்களுக்கு அமைதியான கட்டுரைகள்தான் கை கொடுத்தன. அந்த நிலையில் இருக்கிற ஒருவருக்கு, நான் இவ்வளவு நேரம் சொன்னது பொருந்தாது.

நம் கரையில் நாவல் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். உப்புக் காற்றுக்கு மாத நாவலில் அடித்திருக்கும் கம்பிப் பின் சீக்கிரம் துருப்பிடிக்கும். சுற்றிலும் பழுப்புக் கறை இறங்கி, நடுப் பக்கங்கள் கழன்று வரும். திரும்பப் படிக்கத் தோன்றுகிற நாவலாக இருந்தால், பின்னைக் கழற்றிவிட்டு அதே துளையில் தடித்த நூலால் தைத்துவிடுங்கள். வலை பின்னுகிற நைலான் நூல் வேண்டாம், அது தாளை அறுக்கும். பருத்தி நூல் போதும்.