எண்ணா, பெயரா: மருத்துவ இதழுக்கான மேற்கோள் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் முதல் ஆய்வுக் கட்டுரையை அனுப்பும் நேரத்தில் இந்தக் கேள்வியில்தான் முட்டிக்கொள்கிறார்கள்: வான்கூவர் முறையா, ஹார்வர்டு முறையா?

வான்கூவர் முறைக்கு வித்திட்டவர்கள், 1978இல் கனடாவின் அந்நகரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்கள். சுட்டும் ஆய்வுகளுக்கு, கட்டுரையில் வரும் வரிசைப்படி 1, 2, 3 என எண். அதே ஆய்வை மறுபடி சுட்டினாலும் பழைய எண்தான். அட்டவணைக்குள் மட்டும் வரும் மேற்கோளை, அந்த அட்டவணை கட்டுரையில் முதலில் குறிப்பிடப்படும் இடத்தை வைத்து எண்ணிட வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

ஹார்வர்டில் பெயரும் ஆண்டும். யார் சொன்னது என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும். அது பெரிய வசதி. ஆனால் நாயுடு, பிள்ளை, மூட்லி, கோவேந்தர் என்று குடும்பப் பெயர்கள் குவிந்திருக்கும் தென்னாப்பிரிக்க ஆய்வுகளில் ‘நாயுடு, 2017’ என்றால் எந்த நாயுடு? முதலெழுத்தையும் சேர்க்க வேண்டும். அவரே அந்த ஆண்டில் இரண்டு கட்டுரை எழுதியிருந்தால் 2017ஏ, 2017பி. எண்ணுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

எண் முறையின் வினை வேறு. நடுவில் ஒரு மேற்கோளைச் செருகினால், கையால் எண்ணிட்டவர் அதற்குப் பின் வரும் அத்தனையையும் திருத்த வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஜோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருள் அதைத் தானே செய்துவிடும்.

பெரும்பாலான மருத்துவ இதழ்கள் எண்ணைத்தான் கேட்கின்றன. என் ஓட்டும் அதற்கே. வரைவு எழுதும்வரை மட்டும் ஹார்வர்டில் வைத்திருங்கள், பிழை கண்ணில் படும். மாற்றியபின் இதழ்ப் பெயர்களின் சுருக்கங்களைக் கண்ணால் பாருங்கள். மென்பொருள் அங்கே அடிக்கடி சொதப்பும்.